மெக்ஆர்தர் நீக்கம்: மார்ச் 20 கடிதம் ஆணையை மீறியதா?

பொருநையான்:
கொரியப் போர் இழையில் வில்லவன் அவர்கள், "தனிப்பட்ட கடிதம் ஒன்றுக்காக ஐந்து நட்சத்திரத் தளபதியை ட்ரூமன் வீட்டுக்கு அனுப்பினார்" என்று எழுதி, அதற்கு விழுந்த பாராட்டுகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. கொள்கை குறித்த பொது அறிக்கைகளை முன்கூட்டியே வாஷிங்டனின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆணை 1950 டிசம்பர் 6 அன்றே பிறப்பிக்கப்பட்டு, டோக்கியோவிலிருந்து கொரியப் போரை நடத்திய அந்தத் தளபதி மெக்ஆர்தருக்கும் அனுப்பப்பட்டது. அதற்குப் பிறகும் அவர், பிரதிநிதிகள் அவையில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்குத் தலைவராக இருந்த ஜோசப் மார்ட்டினுக்கு, அமெரிக்க அதிபர் ட்ரூமனின் கொள்கையைக் குறைகூறி, வெற்றிக்கு மாற்று எதுவும் இல்லை என்று எழுதினார். மார்ட்டின் அதை 1951 ஏப்ரல் 5 அன்று பிரதிநிதிகள் அவையில் வாசித்தார். ஏப்ரல் 11 அன்று மெக்ஆர்தர் நீக்கப்பட்டார். இதில் தனிப்பட்டது என்ன இருக்கிறது?

வில்லவன்:
கடிதத்தின் தேதியை மட்டும் பொருநையான் கவனமாக விட்டுவிட்டார். அது மார்ச் 20 அன்று எழுதப்பட்டது. டிசம்பர் ஆணையை நினைவூட்டி மெக்ஆர்தருக்குச் செய்தி வந்தது மார்ச் 24 அன்று. நான்கு நாட்களுக்குப் பின்னால் வந்த எச்சரிக்கையை அவர் முன்கூட்டியே எப்படி மீறியிருக்க முடியும்? மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர் மார்ச் 8 அன்று கருத்துக் கேட்டு எழுதுகிறார், தளபதி பதில் எழுதுகிறார். அது பத்திரிகை அறிக்கை ஆகாது. கொரியாவின் இன்சானில் 1950 செப்டம்பர் 15 அன்று, பலரும் முடியாது என்ற தரையிறக்கத்தை முடித்துக் காட்டிய மனிதரை, முதல் உலகப் போரில் பீரங்கிப் படைக் கேப்டனாக இருந்த ஒருவர் நள்ளிரவுக்குப் பின் அறிவித்த அறிவிப்பால் நீக்கினார் என்பதே என் வேதனை.

பொருநையான்:
மார்ச் 24 நினைவூட்டல்தான். ஆணை டிசம்பர் 6. இதை எத்தனை முறை எழுதினாலும் நீங்கள் மார்ச் 24க்கே திரும்பிப் போகிறீர்கள். அந்த நினைவூட்டல் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். போர்நிறுத்தம் குறித்து அதிபர் ஓர் அறிவிப்புக்குத் தயாராகிறார் என்று வாஷிங்டனில் முப்படைத் தலைவர்கள் அடங்கிய கூட்டுப்படைத் தலைமை மார்ச் 20 அன்றே தெரிவித்த பிறகு, மெக்ஆர்தர் மார்ச் 24 அன்று தாமே ஓர் அறிக்கை விட்டார். சீனாவின் தொழில் வலிமையைச் சிறுமைப்படுத்தி, போர் அதன் கடற்கரைக்கும் உள்நாட்டுத் தளங்களுக்கும் பரவினால் அது சரிந்துவிடும் என்று மிரட்டி, எதிரித் தளபதியோடு களத்தில் பேசத் தயார் என்றும் அறிவித்தார். அதிபரின் முயற்சி அத்தோடு முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

மலர்விழி:
இருவரும் தேதிகளையே எண்ணுகிறீர்கள். ஏப்ரல் 8 அன்று கூட்டுப்படைத் தலைவர்கள் கூடி, இராணுவ நோக்கில் நீக்கம் சரியே என்று ஒருமனதாகக் கருதினார்கள். பிராட்லி, காலின்ஸ், வாண்டன்பெர்க், ஷெர்மன் ஆகிய நால்வரும் அரசியல்வாதிகள் அல்லர். "கேப்டன் நீக்கினார்" என்பது அவர்களையும் சேர்த்து இழிவுபடுத்தும் பேச்சு.

வில்லவன்:
அம்மையாருக்கு ஒன்று சொல்கிறேன். பிராட்லி ஐந்தாம் நட்சத்திரம், அதாவது மிக உயர்ந்த தளபதிப் பதவி, பெற்றது 1950 செப்டம்பரில். மெக்ஆர்தர் பெற்றது 1944 டிசம்பர் 18. தமக்கு இளையவர்கள் சொல்லி ஒரு மூத்த தளபதி போக வேண்டுமா? அவருக்கு மேல் அந்த இராணுவத்தில் யாரும் இல்லை.

பொருநையான்:
ஜார்ஜ் மார்ஷல் இருந்தார். அவருடைய ஐந்து நட்சத்திரப் பதவி நாள் 1944 டிசம்பர் 16, அதாவது மெக்ஆர்தரைவிட இரண்டு நாள் மூத்தவர். 1951இல் பாதுகாப்புச் செயலரும் அவரே. படையிலிருந்து விலகிப் பத்து ஆண்டுகள் ஆகாதவர் அப்பதவிக்கு வரக் கூடாது என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததால், அவருக்காகவே காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் இந்த மூப்புக் கணக்கே வீண். அரசமைப்பின்படி முப்படைகளின் தலைமைத் தளபதி அதிபர். அவர் முன்பு கேப்டனாக இருந்தாரா, கடை வைத்திருந்தாரா என்பது பொருட்டே அல்ல.

தென்றல்நாடன்:
கடிதத்தை விடுங்கள். 1932 ஜூலையில், வாக்களித்த போனஸ் தொகையைக் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்டிருந்த முன்னாள் வீரர்கள்மீது படையை நடத்திச் சென்றவர் இதே மெக்ஆர்தர். இவரை உத்தமராக வணங்குகிறவர்கள் அந்தக் குடும்பங்களை நினைக்க வேண்டும்.

வில்லவன்:
தென்றல்நாடன் எந்த இழையிலும் 1932ஐக் கொண்டுவருவார். போன மாதம் பிலிப்பைன்ஸ் இழையிலும் இதையே செய்து, நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனார். அன்று அதிபர் ஹூவரின் நிர்வாகம்தானே படையை அனுப்பியது? ஆணைப்படி நடந்தாலும் குற்றம், கடிதம் எழுதினாலும் குற்றம் என்றால் அந்த மனிதர் என்னதான் செய்திருக்க வேண்டும்?

தென்றல்நாடன்:
போன மாதம் நான் பதில் எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை.

பொருநையான்:
1932 இங்கே வேண்டாம் என்பதில் மட்டும் எனக்கும் உடன்பாடு, காரணம் வேறு. அது இல்லாமலே குற்றம் நிலைநிற்கிறது. 1950 ஆகஸ்டில் முன்னாள் போர்வீரர் சங்கத்துக்கு ஃபார்மோசா (தைவான்) பற்றி மெக்ஆர்தர் அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெறும்படி ட்ரூமன் ஆணையிட்டார். அடுத்து டிசம்பர் ஆணை, அதன் பின் மார்ட்டின் கடிதம், பிறகு மார்ச் 24 அறிக்கை. எட்டு மாதங்களுக்குள் இத்தனை. 1862இல், உள்நாட்டுப் போரின் நடுவே, அதிபர் லிங்கன் தளபதி மெக்கிளெல்லனை நீக்கியபோதும் அவருக்குப் பெரும் ஆதரவுக் கூட்டம் இருந்தது, 1864இல் லிங்கனை எதிர்த்தே தேர்தலில் நின்றார். தளபதியின் புகழ் அதிபரின் அதிகாரத்தைக் குறைத்தால் அந்தக் குடியாட்சி எந்த நாளும் பாதுகாப்பாக இருக்காது. எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

வில்லவன்:
நீண்ட பதிவு. கேள்வி அப்படியே கிடக்கிறது. டிசம்பர் ஆணை பொது அறிக்கைகளையும் பத்திரிகைத் தொடர்புகளையும் பற்றியது. காங்கிரஸ் உறுப்பினருக்கு மார்ச் 20 அன்று எழுதிய கடிதம் அதில் எந்த வரியில் அடங்குகிறது?

பொருநையான்:
மார்ட்டின் தம் கடிதத்தில், இரகசியமாகவோ மற்றபடியோ கருத்தைச் சொல்லலாம் என்று வழியும் காட்டியிருந்தார். மெக்ஆர்தர் இரகசியம் காக்கும்படி ஒரு சொல்கூட எழுதவில்லை. அவையில் வாசிக்கக்கூடிய ஒரு கட்சித் தலைவருக்கு, தடை எதுவும் இல்லாமல் எழுதிக் கொடுப்பது பொது அறிக்கைதான்.

வில்லவன்:
வாசித்தவர் மார்ட்டின். எழுதிய நாள் மார்ச் 20.

பொருநையான்:
ஆணையின் நாள் டிசம்பர் 6.