மறு: ‘அபாக்ரிஃபல் மார்க்’ – போலி முத்திரையா, இரவல் குறியா?

அனைவருக்கும் வணக்கம். பழைய சீனப் பீங்கான் கலங்களின் அடியில், கலம் செய்த காலத்தை விட்டுவிட்டு முந்தைய ஒரு பேரரசரின் ஆட்சிப்பெயரை எழுதியிருப்பார்கள். அதை ஆங்கிலத்தில் ‘அபாக்ரிஃபல் மார்க்’ என்கிறார்கள். தமிழில் அதற்கு ‘இரவல் குறி’ என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘அபாக்ரிஃபல் மார்க்’ என்பதற்குப் ‘போலி முத்திரை’ போதுமே. படித்ததும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பழைய சீன நீல-வெள்ளைப் பீங்கான் சேர்ப்பவரிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தால், நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டே ஏமாந்துபோனோம் என்று நினைத்துக்கொள்வார்.

இதை எழுதும்போது என் மேசையில் ஓர் இஞ்சி ஜாடி இருக்கிறது. மூடி இல்லை. உடம்பு முழுக்க விரிசல் விட்ட பனிக்கட்டி போல நீலம், நடுநடுவே வெள்ளையாக விட்ட பிளம் பூக்கள். கவிழ்த்தால் நீல இரட்டை வளையத்துக்குள் நான்கு எழுத்துகள்: ‘காங்சி ஆட்சியில் செய்தது’. சீனப் பேரரசர் காங்சி ஆண்டது 1662 முதல் 1722 வரை. ஜாடியோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. (காங்சி காலத்திலேயே எழுதியிருந்தால் பெரும்பாலும் ஆறெழுத்தாக இருக்கும்.) விற்றவரும் காங்சி காலத்தது என்று சொல்லவில்லை, விலையும் அப்படி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், காங்சி காலத்துக் குயவர்களும் இதையேதான் செய்தார்கள். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென் சூளைகளில் தாங்கள் செய்த கலங்களின் அடியில் ‘மகா மிங், செங்குவா ஆட்சியில் செய்தது’ என்று எழுதினார்கள். மிங் வம்சத்துப் பேரரசர் செங்குவாவின் காலம் 1465–1487. மிங் வம்சமே அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. செங்குவா காலக் கலங்கள்மீது இருந்த மதிப்பு ஒரு காரணம். இன்னொன்று, 1677இல் அந்தப் பகுதி அதிகாரி போட்ட தடை: நடப்புப் பேரரசரின் ஆட்சிப்பெயரைக் கலங்களில் எழுதக்கூடாது. கலம் உடைந்தால் அந்தப் பெயர் குப்பையில் மிதிபடுமே! அதனால் சிலர் பழைய பெயரை எழுதினார்கள், சிலர் ஓர் இலையை வரைந்தார்கள், சிலர் வளையத்தை மட்டும் போட்டு உள்ளே காலியாக விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் போலி என்றால் நம் அகத்தியர் பெயரில் வந்த பிற்கால வைத்திய நூல்களை என்ன சொல்வது? பெயர்தான் இரவல், மருந்து எழுதியவருடையது. அதனால்தான் ‘இரவல்’ என்கிறேன்.

> ‘புனைகுறி’ இன்னும் செறிவாக இருக்கிறதே?

செறிவுதான். ஆனால் புனைவது இல்லாத ஒன்றை. செங்குவா இருந்தவர்தானே!

அப்புறம், ‘முத்திரை’ எனக்கு ஒப்பவில்லை. முத்திரை என்றால் குத்துவது. இவை தூரிகையால் கோபால்ட் நீலத்தில் எழுதி, மேலே மெருகு பூசிச் சுட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டில், பேரரசர் சியென்லோங் காலத்தில், முத்திரைகளில் வெட்டும் பழைய எழுத்து வடிவிலேயே எழுதுவது பெருகியது. அந்த வடிவத்துக்கு ‘முத்திரை எழுத்து’ என்ற சொல் நமக்கு வேண்டியிருக்கும். இப்போதே செலவழித்துவிட்டால் அப்போது என்ன செய்வது? ‘பொறிப்பு’ கீறி எழுதியவற்றுக்குத் தேவை. ‘அடிக்குறி’யை நானே முதலில் அடிக்குறிப்பு என்றுதான் படித்தேன்.

ஆகவே ஆட்சிப்பெயரைச் சொல்லும் ‘ரெய்ன் மார்க்’குக்கு ஆட்சிக்குறி. ‘மன்னர் பெயர்’ சரிவராது. காங்சி என்பது ஆட்சிக்காலத்தின் பெயர், அவருடைய சொந்தப் பெயர் சுவான்யே. பழைய ஆட்சியின் குறி பிற்காலக் கலத்தில் இருந்தால் இரவல் குறி.

> ‘குறி’ என்று தனியாக எழுதினால் பையன்கள் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். ‘வணிகக்குறி’யைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

‘போலிக்குறி’யைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. நேற்று சூளையிலிருந்து இறக்கி, அமிலத்தில் பளபளப்பைக் குறைத்து, அடிவளையத்தில் அழுக்கைத் தேய்த்து, செங்குவா என்று சொல்லி விற்கிறார்களே, அதற்கு வைத்துக்கொள்வோம். அது குற்றச்சாட்டு, ஆதாரத்தோடு சொல்ல வேண்டியது. ‘இரவல் குறி’யில் அந்தப் பாரம் இல்லை. குறியின் காலம் வேறு, கலத்தின் காலம் வேறு என்பதோடு நின்றுவிடும். அட்டவணை எழுதுபவர் செய்தவனுடைய மனசுக்குள் புகுந்து பார்க்க வேண்டியதில்லை.

என் ஜாடிக்கு இப்படி அட்டை எழுதிப் பார்த்தேன்: ‘இஞ்சி ஜாடி, மூடியில்லை. ஜிங்தேஜென், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. காங்சி இரவல் குறி.’ உறுத்தவில்லை.

பாக்கி இருப்பது ‘மார்க் அண்ட் பீரியட்’, அதாவது குறியும் கலமும் ஒரே காலம். இரவலுக்கு எதிராகச் ‘சொந்தக் குறி’ என்று எழுதிப் பார்த்தேன். குயவர் தன் பெயரையே எழுதியிருக்கிறார் என்று படித்துவிடுவார்களோ என்று தயக்கம். ‘உரிய குறி’ தேவலை, கொஞ்சம் அரசாணை வாடை அடித்தாலும். வேறு தோன்றினால் எழுதுங்கள்.