மறுத்த பிறகும் குக்கி போகவில்லை: உதவி தேவை

மட்டக்களப்பு நகரில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தின் இணையத்தளத்தை நான் பராமரிக்கிறேன். வேர்ட்பிரஸில் இயங்குகிறது. சென்ற மாதம் வடிவமைப்பை மாற்றிய நாளிலிருந்து, பார்வையாளர் எதையும் அழுத்தும் முன்பே வருகைகளை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸின் 2 குக்கிகள் (உலாவியில் சேமிக்கப்படும் சிறு தரவுகள்) பதிவாகிவிடுகின்றன.

குரோமின் மறைநிலைச் சாளரத்தில் எஃப்12 அழுத்திக் குக்கிப் பட்டியலைப் பார்த்தேன். ஒப்புதல் கேட்கும் பட்டை திரையின் கீழே காத்து நிற்கிறது. குக்கிகளோ அதற்குள் பட்டியலில் ஏறிவிட்டன, 400 நாள் ஆயுளுடன். ‘மறுக்கிறேன்’ என்பதை அழுத்தினாலும் அகலவில்லை. தமிழ்ப் பக்கங்களில் மட்டுமே இப்படி. ஆங்கிலப் பக்கங்களில் எந்தச் சிக்கலும் இல்லை.

ஒப்புதல் பட்டையைக் காட்டும் செருகுநிரலை நீக்கி மீண்டும் நிறுவினேன். உலாவியிலும் சேவையகத்திலும் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்தேன். இத்தகைய நிரல்களைத் தளத்தில் ஏற்றும் கூகுள் டேக் மேனேஜரில் ஒப்புதலின் தொடக்க நிலையை ‘மறுப்பு’ என்று வைத்தேன். பலனில்லை.

காணிப் பிணக்கு, விவாகரத்து என்று மனச்சுமையோடு வருபவர்கள் படிக்கும் பக்கங்கள் இவை. வேண்டாம் என்றவரைப் பின்தொடர்வது பெரிய தவறு. பாரிஸ், பெர்லினிலிருந்தும் நம்மவர்கள் பார்க்கிறார்கள். அங்கே இத்தகைய குக்கிக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெறுவது சட்டப்படி கட்டாயம்.

தமிழ்ப் பக்கங்களில் மட்டும் அந்தக் குக்கிகளைப் பதிக்கும் நிரல் எந்தக் கோப்பிலிருந்து ஏறுகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?