புல்தரையில் தோண்டுவது: கீல் வைத்து வெட்டுவதா, முழுத் துண்டாக எடுப்பதா?

கென்ட்_குமார்: இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு அலைகிற நம்மாட்கள் இங்கே சிலர் உண்டு என்பதால் கேட்கிறேன். வீட்டுப் புல்தரையில் தேட உரிமையாளர் அனுமதித்தால், டிடெக்டர் சிக்னல் தரும் இடத்தில் புல்லை நான் மூன்று பக்கம் மட்டும் வெட்டுவேன். நான்காவது பக்கம் கதவின் கீல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணைத் தார்ப்பாயில் அள்ளி வைத்துத் தேடிவிட்டு, திரும்பக் கொட்டி, மூடி மிதித்துவிட்டால் புல் சாகாது. யாருக்காவது ஆட்சேபணை?

பச்சைத்தரை: எனக்கு உண்டு. கிரிக்கெட் மைதானம் பராமரிப்பது என் வேலை. வெட்டிய அன்று எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். ஜூலையில் பத்து நாள் மழை இல்லையென்றால் நீங்கள் வெட்டிய வடிவம் மஞ்சளாக எழுந்து நிற்கும். வேர் அறுந்த புல்லுக்கு அடிமண் ஈரம் எட்டாது. துண்டுக்கு அடியில் காற்று இடைவெளி இருந்தால் இன்னும் சீக்கிரம் காயும். 2022 ஜூலையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியபோது யாரும் தொடாத புல்லே கருகிப்போனது, நினைவிருக்கிறதா?

கென்ட்_குமார்: மேலோட்டமாகச் சீவுகிறவர்களுக்குத்தான் அந்தக் கதி, அண்ணே. நான் 10 செ.மீ.க்குக் குறையாமல் இறக்குவேன். வேரோடு மண்ணும் சேர்ந்தே எழும்பும்.

தேம்ஸ்கரை: ஆழம் சரி, கீல்தான் தேவையில்லை. லண்டன் களிமண்ணில் துண்டை மடக்கும்போது கீல் பக்கமே பாதி பிய்ந்துவிடுகிறது. சுற்றிலும் வெட்டி முழுத் துண்டாக எடுத்தால் வந்த மாதிரியே உட்கார வைக்கலாம்.

பச்சைத்தரை: உட்கார வைக்கலாம், மறுநாள் காலை அங்கேயே இருக்குமா? புழு தேடி வரும் காக்கை பிடுங்கிப் போடும், இல்லையென்றால் புல்வெட்டி இழுத்துவிடும். இரண்டில் ஒன்று என்றால் நான் கீல் பக்கம்தான். ஆனால் கோடையில் இரண்டுமே வேண்டாம் என்கிறேன்.

மீனா_கே: முதலில், எல்லா சிக்னலுக்கும் குழி வெட்டுவானேன்? பொருள் 5 செ.மீ.க்குள் இருந்தால் முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, மண்ணைச் சற்றே நெம்பினால் நாணயம் மேலே வந்துவிடும். பிறகு இரண்டு விரலால் அழுத்தினால் பிளவு மூடிக்கொள்ளும். பாதி சமயம் கிடைப்பது பானக் கேனின் வளையம்தான். அதற்கா இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை?

தேம்ஸ்கரை: 1947க்கு முந்தைய வெள்ளி நாணயத்தில் கீறல் விழுந்தால் வயிறு எரியுமே அக்கா!

மீனா_கே: அதனால்தான் நேர் மேலே குத்தாமல் பக்கவாட்டில் நெம்பச் சொல்கிறேன். பின்பாயின்டர் (பொருள் இருக்கும் புள்ளியைக் காட்டும் சிறு கை டிடெக்டர்) வைத்திருப்பவர் இடத்தைக் குறித்துக்கொண்டே செய்யலாம்.

பச்சைத்தரை: மீனா சொல்வதோடு ஒத்துப்போகிறேன். இன்னொன்று, உழுத வயல் வேறு, புல்தரை வேறு. பழைய மேய்ச்சல் நிலத்தில் மேல்மண்ணுக்குக் கீழே இறங்கினால் தொல்லியல் அடுக்கே கலைந்துவிடும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979 சட்டப்படி குற்றம். புதையல் வகையில் சேரும் பொருள் கிடைத்தால் 1996 சட்டப்படி 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலை விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். குமார், கோடையில் வயலுக்குப் போங்கள்.

கென்ட்_குமார்: அறுவடை முடியும்வரை எந்த விவசாயி வயலுக்குள் விடுகிறார்? அதுவரை டிடெக்டரைப் பரணில் போடச் சொல்கிறீர்களா? வெட்டி மூடியதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதாதா?

பச்சைத்தரை: ஒரு வாளி அன்றைக்குப் போதும். அடுத்த இரண்டு வாரம் யார் ஊற்றுவார், நீங்களா, வீட்டுக்காரரா? அதையும் கேட்டுவிட்டு அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் அக்டோபரில், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வெட்டுங்கள். அப்போது உங்கள் கீலோடு எனக்குச் சண்டையில்லை.