செவ்வரத்தம்பூ வேலை செய்கிறது, முருங்கையிலை ஏன் செய்யவில்லை?

கோண்டாவில் பிள்ளை:
பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சாயச் சூரியக்கலம் (சாயத்தால் ஒளியைப் பிடித்து மின் தரும் கலம்) செய்கிறேன். கடத்தும் கண்ணாடியில் டைட்டேனியம் ஈரொட்சைட்டுப் பசை பூசி, 450 பாகையில் சுட்டு எடுத்தேன். ஒரு தட்டை வேலியோரச் செவ்வரத்தம்பூச் சாற்றிலும் இன்னொன்றை ஸ்பிரிட்டில் இறக்கிய முருங்கையிலைச் சாற்றிலும் ஊறவைத்தேன். முற்றத்து வெயிலில் பூ 370 மில்லிவோல்ற்று தந்தது. முருங்கை 90ஐத் தாண்டவில்லை. வெயிலைப் பிடிப்பது இலையின் தொழில்தானே? அப்புறம், பூச்சாறு சிவப்பு, ஆனால் தட்டு கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. பழுதாகிவிட்டதா?

ஆய்வுகூட அண்ணை:
தங்கச்சி, பழுதில்லை. அந்த நிறமாற்றத்தில்தான் பதில் இருக்கிறது. பூவுக்கு நிறம் தரும் அந்தோசயனின் என்ற சாயத்தில் இரண்டு ஐதரொட்சில் (OH) கூட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அவை இரண்டும் டைட்டேனியம் அணுவைக் கவ்விப் பிடிக்கும்போதுதான் சிவப்பு ஊதாவாகிறது.

வெறும் டைட்டேனியம் ஈரொட்சைட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சாது, அதனால்தான் வெள்ளை. ஒளியைச் சாயம் வாங்குகிறது. அதன் இலத்திரன் மேல்மட்டத்துக்கு எழும்புகிறது; அந்த மட்டம் டைட்டேனியம் ஈரொட்சைட்டின் கடத்தல் பட்டைக்கு (இலத்திரன் ஓடக்கூடிய மட்டத்துக்கு) மேலே இருப்பதால் இலத்திரன் அங்கே இறங்கிவிடும். கவ்விய அந்தோசயனினில் இதற்கு 100 பெம்டோசெக்கன்கூட (ஒரு செக்கனின் பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்குகூட) ஆகாது. கவ்வாவிட்டால்? கூரை விளிம்போடு பொருந்தாத பீலியை நினைத்துப் பாருங்கள்: எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தொட்டிக்குப் போகாது. பச்சையம் ஒளியை நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் டைட்டேனியத்தைப் பிடிக்கக்கூடிய அதன் காபொட்சில் (COOH) பக்கத்தை பைற்றோல் என்ற நீண்ட வால் மூடியிருக்கிறது, பிடிக்கக் கையில்லை. இலைக்குள் அதைப் புரதங்கள் சரியான இடத்தில் தாங்கி வைத்திருக்கின்றன. உங்கள் தட்டில் அவை இல்லை.

1991இல் ஓ'ரீகன், கிரெட்செல் என்ற விஞ்ஞானிகள் செய்த சாயச் சூரியக்கலத்திலும் ருதேனியச் சாயம் காபொட்சில் கூட்டங்களால்தான் ஒட்டியிருந்தது. இரண்டு தட்டையும் ஸ்பிரிட்டில் அலசிப் பாருங்கள்.

சுன்னாகம் ரீச்சர்:
கலத்துக்குள் விடும் அயடைட்டுக் கரைசலையும் கவனியுங்கோ பிள்ளை. இலத்திரனை இழந்த சாயத்துக்கு அதைத் திருப்பிக் கொடுப்பது அதுதான். வெறும் அயடீன் போதாது, பொற்றாசியம் அயடைட்டு வேண்டும். வெயிலில் கரைசல் ஓரத்தில் காய்ந்தால் அளவீடு விழும்.

கோண்டாவில் பிள்ளை:
அண்ணை, இப்போதுதான் அலசினேன். முருங்கைத் தட்டு ஒரு நிமிடத்தில் வெளுத்து, ஸ்பிரிட் பச்சையாகிவிட்டது. பூத்தட்டை மூன்று தரம் அலசியும் ஊதா போகவில்லை. இரண்டையும் கண்காட்சி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறேன். ரீச்சர், ஓரத்தை மெழுகால் அடைக்கலாமா?