டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுத் தண்ணீர் ஏறிய கழனியில் மாட்டுக்கு மூலிகை வளர்க்கலாமா?

பாலாற்றங்கரை:
வணக்கம். ராணிப்பேட்டை பக்கம் ஆற்றை ஒட்டி எங்கள் கழனி. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், கோடையில் லேசாக மஞ்சளாகவும் தெரியும். கறவை இரண்டுக்கும் அடிக்கடி கழிச்சல். கறுப்பு மாட்டுக்கு முடி செம்பட்டையாகிவிட்டது, ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. வரப்போரம் கீழாநெல்லி, துளசி போட்டு தினமும் கொடுத்தால் நஞ்சு முறியும் என்கிறார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?

வாலாஜா கறவை:
அந்தக் கழனியில் மட்டும் போடாதீர்கள். டேனரி கழிவால் மண்ணில் சேரும் குரோமியம் என்ற உலோகத்தைச் செடி இழுத்தால் பெரும்பகுதி வேரிலேயே தங்கும், கீழாநெல்லியையோ நாம் வேரோடு பிடுங்கி அரைத்துத்தான் கொடுக்கிறோம், அப்படியென்றால் மருந்து என்ற பெயரில் எதை ஊட்டுகிறோம் என்று பாருங்கள். மூலிகை வேண்டுமென்றால் மேட்டு நிலத்து மண்ணைச் சாக்கில் நிரப்பி, மழைநீர் ஊற்றி வளர்க்கலாம். அப்புறம் அந்த மஞ்சள் நிறம். தோல் பதனிடப் போடும் குரோமியம் பச்சையாக இருக்கும். மஞ்சள் என்றால் அதைவிடக் கொடிய குரோமேட் வகையாக இருக்கலாம், உடனே சோதியுங்கள். மனிதர் குடிக்கும் நீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். முடிவு வரும்வரை வீட்டிலும் யாரும் அதைக் குடிக்க வேண்டாம்.

கழனிக்காரன்:
முடி செம்பட்டை, சினை நிற்காதது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தாமிரச் சத்துக் குறைவு போல இருக்கிறது. தண்ணீரில் சல்பேட் அதிகமானால் மாட்டின் உடம்பு தாமிரத்தை எடுத்துக்கொள்ளாது, கழிச்சலும் அதனாலேயே வரும். இதற்கு எந்தப் பச்சிலையும் ஈடாகாது, தண்ணீரை மாற்றித்தான் ஆக வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 3000 மில்லிகிராமுக்குள் இருந்தால் மாடு பெரும்பாலும் தாங்கும், 7000 தாண்டினால் தொட்டியில் ஊற்றவே கூடாது. தாது உப்புக் கலவையை டாக்டர் சொல்லும் அளவில் கொடுங்கள், 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டி வரும். யாராவது மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கரைத்து ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள், அளவு தப்பினால் உயிரே போகும், செம்மறிக்கு இன்னும் ஆபத்து.

பாலாற்றங்கரை:
சரி, தண்ணீரை நாளைக்கே எடுத்துப் போகிறேன். அப்படியானால் மூலிகையே வேண்டாமா? கழனியைச் சும்மா போடவும் மனசு வரவில்லை.

வாலாஜா கறவை:
மூலிகை வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். மடிநோய்க்குக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50, சுண்ணாம்பு 15 சேர்த்து அரைத்துப் பூசுவது நம் கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லித்தரும் மருந்து, நானும் அதைத்தான் பூசுகிறேன். கற்றாழை சாக்கில் நன்றாக வரும். கழனியில் வாய்க்கால் ஓரமாக வெட்டிவேர் நடுங்கள், உப்பையும் உலோகத்தையும் தாங்கி நிற்கும். ஆனால் அதன் தாளை மாட்டுக்கு அறுக்கக் கூடாது, வேரைக் குடிநீர்ப் பானையில் போடவோ விற்கவோ கூடாது.

கழனிக்காரன்:
சோதனை முடிவைப் பத்திரமாக வையுங்கள். பாலாறு மாசில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும்போது சோதனை முடிவின் நகலையும் இணையுங்கள்.