பிரிட்டனில் டயட்டீஷியன் (மருத்துவ உணவியல் நிபுணர்) பதிவு: பெற்றவர்களும் புதுப்பித்தவர்களும் சொல்பவை

லெஸ்டர் உறுப்பினர்:

கோவையில் முதுகலை முடித்து, சென்னை மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் இங்கு வந்தேன். இந்நாட்டில் டயட்டீஷியன் என்ற பணிப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எச்.சி.பி.சி. எனப்படும் சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெறாதவர் அப்பெயரைப் பயன்படுத்துவது குற்றம் என்பதால், பதிவு கிடைக்கும்வரை எந்த மருத்துவமனையிலும் அப்பணிக்குச் சேர இயலாது.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் மொத்தம் 7.0, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாத மதிப்பெண் என்பது நிபந்தனை. அது பெரிய தடையாக இருக்கவில்லை. பாடத்திட்ட விவரங்களைத் திரட்டுவதே பெரும்பாடாயிற்று. ஒவ்வொரு தாளிலும் என்ன கற்பிக்கப்பட்டது, மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையிட்டார் என்பவற்றைப் படித்த கல்லூரியே உறுதிப்படுத்த வேண்டும். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வதற்கே வாரக்கணக்கில் ஆனது. இன்னும் இந்தியாவில் இருப்பவர்கள், விமானம் ஏறும் முன்பே இதை நேரில் சென்று முத்திரையுடன் வாங்கிவிடுவது நல்லது.

மதிப்பீட்டாளர்கள் நம் சான்றிதழ்களை மன்றத்தின் தகுதித் தரங்களோடு ஒப்பிடுகிறார்கள். இப்போது நடைமுறையில் இருப்பவை 2023 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தப்பட்ட தரங்கள். என்னிடம் கூடுதல் விளக்கம் கேட்கப்பட்டது. "சிறுநீரக நோயாளிகளுக்கு ஆலோசனை வழங்கினேன்" என்று எழுதியது போதவில்லை. ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, எதைக் கண்டு எதை முடிவு செய்தேன் என்பதை அவர்கள் எதிர்பார்த்தார்கள். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவரின் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்திருந்ததையும், அவர் தினமும் இளநீர் குடித்துவந்ததை உணவு வரலாற்றிலிருந்து அறிந்ததையும், காய்களை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிடும்படி அவருடைய மனைவிக்குச் சொல்லிக்கொடுத்ததையும், அடுத்த பரிசோதனையின் பின் திட்டத்தை மாற்றியதையும் வரிசையாக எழுதி அனுப்பினேன். பதிவு கிடைத்தது. நம் ஊர்ப் பணியை இங்குள்ளவர்கள் குறைவாக மதிப்பிடுவார்கள் என்ற அச்சம் தேவையற்றது என்றே நினைக்கிறேன். ஆனால் அதை அவர்களுக்குப் புரியும்படி எழுதிக்காட்டும் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

ஹாரோ உறுப்பினர்:

லெஸ்டர் அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குழந்தைகளுக்காக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொழிலிலிருந்து விலகியிருந்தவள் நான். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை இடைவெளி இருந்தால் 30 நாள்களும், அதற்கு மேற்பட்டால் 60 நாள்களும் அறிவைப் புதுப்பித்துக்கொண்டதாகக் காட்ட வேண்டும். ஒரு நாள் என்பது ஏழு மணி நேரம். மேற்பார்வையின் கீழ்ப் பணி, முறையான படிப்பு, தனிப்பட்ட வாசிப்பு ஆகிய மூன்றையும் கலந்து நிறைவு செய்யலாம் என்றாலும், வீட்டிலிருந்து படிப்பது பாதிக்கு மேல் போகக்கூடாது.

மேற்பார்வையாளரை மன்றம் தேடித் தருவதில்லை. குறைந்தது மூன்று ஆண்டுகள் பதிவில் இருக்கும் ஒருவரை நாமே கண்டுபிடிக்க வேண்டும். பல மருத்துவமனைகளுக்கு எழுதியும் பதில் வராத நிலையில், முன்பு உடன் பணிபுரிந்த தோழி ஒருவர் தம் பிரிவில் இடம் பெற்றுத் தந்தார். நான் விலகியிருந்த காலத்தில் குழாய்வழி ஊட்டத்தின் கருவிகளும் பைகளும் மாறியிருந்ததால், அப்பிரிவில் கழித்த நாள்களே மிகவும் பயன்பட்டன.

பர்மிங்காம் உறுப்பினர்:

நான் டயட்டீஷியன் அல்லேன். பொதுச் சுகாதார ஊட்டச்சத்துத் துறையில் பணிபுரிகிறேன். நியூட்ரிஷனிஸ்ட் (ஊட்டச்சத்து ஆலோசகர்) என்ற பெயருக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு இல்லை, யாரும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஊட்டச்சத்துச் சங்கம் நடத்தும் பதிவேடு தன்விருப்பத்தின் பேரில் சேர்வது மட்டுமே. ஆயினும் உள்ளாட்சி வேலைகள் பலவற்றில் அப்பதிவைக் கேட்கிறார்கள் என்பதால் சேர்ந்தேன்.

குரொய்டன் உறுப்பினர்:

புதுப்பித்தலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. டயட்டீஷியன்களின் பதிவு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டுகளின் ஜூன் 30க்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து கட்டணம் தானாகப் போய்க்கொண்டிருந்தாலும் அது புதுப்பித்தல் ஆகாது. இணையக் கணக்கில் நுழைந்து உறுதிமொழியை நாமே அளிக்க வேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும், மீண்டும் சேர்க்கப்படும்வரை டயட்டீஷியனாகப் பணியாற்ற முடியாது.

ஒவ்வொரு சுற்றிலும் 2.5 விழுக்காட்டினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, தொடர் கல்விப் பதிவுகளைத் தணிக்கை செய்கிறார்கள். பதிவில் இரண்டு ஆண்டுகள் நிறையாதவர்களைத் தேர்வதில்லை. கடந்த முறை அந்தப் பட்டியலில் நான் இருந்தேன். மணிக்கணக்கோ புள்ளிக்கணக்கோ அவர்கள் கேட்பதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு என்பேன், வேறு சிலருக்கு அதுவே குழப்பமாகத் தோன்றக்கூடும். கற்றவை பல வகையாக இருந்தனவா, நம் பணியின் தரம் அதனால் உயர்ந்ததா, நோயாளிகளுக்கு நன்மை விளைந்ததா என்றே பார்க்கிறார்கள்.

மாநாட்டுச் சான்றிதழ்களை நான் கடைசியில்தான் இணைத்தேன். முதலில் வைத்தது, நீரிழிவு உள்ள தமிழர்களுக்காகச் சோறு, இட்லி, இடியப்பம் ஆகியவற்றின் மாவுச்சத்து அளவுகளைப் படங்களுடன் நான் தயாரித்த துண்டறிக்கை. அதற்கு முன் எங்கள் பிரிவில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் மட்டுமே படத்தில் இருந்தன. அறிக்கையைப் பயன்படுத்திய செவிலியர்களின் கருத்துகளையும், பெயர் நீக்கிய இரு நோயாளிக் குறிப்புகளையும் சேர்த்தேன்; கூடுதல் கேள்வி ஏதுமின்றி ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஆவணங்கள் கைவசம் இருந்ததற்குக் காரணம், மாத இறுதியில் அரைப் பக்கமாவது எழுதிவைக்கும்படி எங்கள் பிரிவுத் தலைவர் வற்புறுத்திவந்ததுதான். ஹாரோ சகோதரி தம் 60 நாள் குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருந்தால், அவர் தணிக்கைக்குத் தேர்வாகும்போது அவற்றில் பலவற்றை அப்படியே பயன்படுத்தலாம். தணிக்கைக்கு உரிய இரண்டு ஆண்டுகளுக்குள் அவை வருகின்றனவா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.