பழைய காரின் பின்விளக்கு ஹோல்டரை மாற்ற யோசனை வேண்டும்

நண்பர்களே, வணக்கம். என் பழைய காரில் பிரேக்கை மிதித்தால் இடது பின்விளக்கு மட்டும் மங்கிப்போகிறது. கழற்றிப் பார்த்தால் பல்பு மாட்டும் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. அமுக்கிய ஸ்பிரிங் மேலே எழவே இல்லை. உப்புத்தாளால் தேய்த்ததில் இரண்டு நாள் நன்றாக எரிந்தது, அப்புறம் பழையபடிதான். தனியாக எர்த் வயர் கொடுத்தால் பளிச்சென்று எரிகிறது.

தகரக் கூட்டோடு அழுத்திப் பொருத்திய ஹோல்டர் இது. கூடு நெளியாமல் இதை மட்டும் எடுத்துப் புதிதாகப் போட்டவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

இப்போது இருப்பது 12 வோல்ட், 21/5 வாட் இரட்டை இழை பல்பு (பிரேக்குக்கு 21, சாதாரண பின்விளக்குக்கு 5). எல்.இ.டி.க்கு மாறலாமா? சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி.தான் என்று தெரியும். ஆனால் பக்கவாட்டிலும் ஒளி வீசி, பல்பைச் சுற்றி ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டரை நிரப்பும் வகை எது? இரவில் பின்னால் வருபவருக்கு பிரேக் விளக்கு தெளிவாகத் தெரிய வேண்டும், அதுதான் என் கவலை.